மில்லிசீவர்ட்னா யார்? சட்டையில் மாட்டும் கதிர்வீச்சு பேட்ஜும் ஒரு ஸ்வீடன்காரரின் வாழ்க்கையும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் குத்தம்பாக்கம். இந்தப் பக்கம் திருமழிசை, அந்தப் பக்கம் ஆவடி, அம்பத்தூர் என்று சுற்றிலும் தொழிற்பேட்டைகள். பாய்லர், பைப், காஸ்டிங் என எதைச் செய்தாலும் வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கிறதா, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் உலோகத்துக்கே எக்ஸ்ரே எடுப்பார்கள். எக்ஸ்ரே கருவி இருக்கும், இல்லையென்றால் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த கேமரா இருக்கும். அந்த வேலையைச் செய்பவரின் நெஞ்சுப் பகுதியில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் தொங்கும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே டெக்னீஷியன், ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் டாக்டர், நர்ஸ் ஆகியோரிடமும் இதே பேட்ஜைப் பார்க்கலாம்.

டீக்கடையில் மட்டும் அதைப் பார்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் கதிர்வீச்சு இல்லாத இடத்தில் இருக்கும் ரேக்கில் அதை மாட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்பது விதி. பலருக்கு இது தெரியாது.

பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேட்ஜ் ஆய்வகத்துக்குப் போகும். ரிப்போர்ட் வரும். பெயருக்கு நேராக ஓர் எண் இருக்கும். 0.00, 0.15, 1.20 என்று ஏதாவது ஒன்று. மேலே எம்எஸ்வி என்று அலகு போட்டிருக்கும். மில்லிசீவர்ட். இந்தச் சீவர்ட் ஒரு மனிதரின் பெயர். ரோல்ஃப் மேக்சிமிலியன் சீவர்ட். ஒரு தொழிலாளியின் உடல் இதுவரை எவ்வளவு கதிர்வீச்சை வாங்கியிருக்கிறது என்பதை ஆயுள் முழுக்கக் கணக்கு வைக்க வேண்டும் என்ற யோசனை உலக விதியாக மாறியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கேபிள் ஃபேக்டரி வீட்டுப் பிள்ளை

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த சில மாதங்களில் பாரிஸில் பெக்கரல், யுரேனியத்திலிருந்து தானாக வெளிவரும் கதிரைக் கண்டார். 1896 மே 6இல் ஸ்டாக்ஹோமில் ரோல்ஃப் சீவர்ட் பிறந்தார். கதிர்வீச்சும் அவரும் கிட்டத்தட்ட ஒரே வயது என்றே சொல்லலாம்.

அப்பா மேக்ஸ் சீவர்ட் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். ஸ்டாக்ஹோமின் வடமேற்குப் புறநகரான சுண்ட்பிபெர்க்கில் 1888இல் கேபிள் தொழிற்சாலை தொடங்கி, பெரிய பணக்காரர் ஆனவர். சென்னைக்கு அம்பத்தூர் எப்படியோ, அந்தக் காலத்தில் ஸ்டாக்ஹோமுக்குச் சுண்ட்பிபெர்க் அப்படி. அதாவது ரோல்ஃப் வளர்ந்ததே ஒரு தொழிற்சாலைக் குடும்பத்தில்தான். சொத்து இருந்தது. கம்பெனியைப் பார்த்துக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம்.

அவர் மருத்துவம் படிக்கப் போனார், பிடிக்கவில்லை. பொறியியல் பக்கம் போனார், அங்கேயும் நிலைக்கவில்லை. கடைசியில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து முடித்தார். கோர்ஸ் மாற்றி மாற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பகுதி ஆறுதலாக இருக்கும்.

1920 வாக்கில் அவர் போய்ச் சேர்ந்த இடம் ரேடியம்ஹெம்மெட். ஸ்டாக்ஹோமில் 1910இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை அது. கோஸ்டா ஃபோர்செல் என்ற கதிரியக்க மருத்துவர் அதன் பின்னணியில் இருந்தார். ரேடியத்தை ஊசிக்குழாய் போன்ற சின்ன உறைகளில் அடைத்து, கட்டியின் மேலோ உள்ளேயோ வைப்பார்கள். கட்டி சுருங்கும். ஆனால் எவ்வளவு நேரம் வைப்பது, எவ்வளவு கதிர் உள்ளே போகிறது என்பதற்குச் சரியான கணக்கு கிடையாது. அனுபவம், யூகம், கொஞ்சம் தைரியம், அவ்வளவுதான்.

சீவர்ட்டுக்கு இது உறுத்தியது. ரேடியம் ஊசியின் உலோகச் சுவர் கதிரை எவ்வளவு தடுக்கும், சுற்றியுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு போய்ச் சேரும் என்பதற்கு 1921இலேயே ஒரு கணித வழியை வெளியிட்டார். மருத்துவ இயற்பியல் படிப்பவர்கள் இன்றும் சீவர்ட் இன்டெக்ரல் என்ற பெயரில் அதைப் படிக்கிறார்கள். 1924இல் அந்த மருத்துவமனையின் இயற்பியல் ஆய்வகத்துக்குத் தலைவர் ஆனார். தொடக்க காலத்தில் ஆய்வகம் ஓடுவதற்கு அவருடைய சொந்தப் பணமும் கைகொடுத்தது. கேபிள் விற்ற காசு கதிர்வீச்சை அளக்கப் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

தோல் சிவந்தால்தான் தெரியும்

அன்றைக்குக் கதிர்வீச்சு அளவை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? தோலை வைத்து. எவ்வளவு கதிர் பட்டால் தோல் சிவக்கிறதோ, அது ஒரு டோஸ். அலகே அதுதான். தோல் சிவப்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, சிவப்பதற்குள் உள்ளே நடக்க வேண்டியது நடந்துவிடும்.

நோயாளிக்கு ஒருமுறை, இரண்டுமுறைதான் படும். பக்கத்தில் நிற்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் டெக்னீஷியனுக்கும் தினமும் படும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம்தான், எந்த நாளிலும் தோல் சிவக்காது. ஆனால் வருடக்கணக்கில் சேர்ந்து, விரல் வெடித்து, புண்ணாகி, புற்றுநோயாகி, விரலை, கையை வெட்டும் நிலை வரும். அமெரிக்காவில் எடிசனிடம் எக்ஸ்ரே வேலை செய்த கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் 1904இல் இறந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1936இல் எக்ஸ்ரே, ரேடியம் வேலையால் உயிரிழந்தவர்களுக்கென ஒரு நினைவுத்தூண் வைத்தார்கள். முதலிலேயே அதில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. மேரி கியூரி 1934இல் எலும்பு மஜ்ஜை பாதிப்பால் இறந்தார். அவர் வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்பதற்குப் பதிவு எதுவும் கிடையாது. இரண்டு நோபல் வாங்கியவருக்கே இதுதான் நிலைமை என்றால் ஆஸ்பத்திரி ஊழியரை யார் கணக்கு வைத்தார்கள்?

சீவர்ட் 1925இல் ஒரு வரம்பைச் சொன்னார். தோலைச் சிவக்க வைக்கும் டோஸில் பத்தில் ஒரு பங்கு, அது ஒரு வருடத்துக்கு. அதற்கு மேல் ஊழியர் மீது படக் கூடாது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஆர்தர் மட்ஷெல்லர் மாதத்துக்கு நூறில் ஒரு பங்கு என்றார். பெருக்கிப் பார்த்தால் வருடத்துக்கு நூறில் பன்னிரண்டு. சீவர்ட் சொன்னது நூறில் பத்து. இருவரும் தனித்தனியாக யோசித்து ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்திருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணை அல்ல, வருடத்துக்கு என்ற சொல்லை. ஒரு நாள் பட்டதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லாமல், சேர்த்து வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வந்துவிட்டது. கூட்டுவதென்றால் ஒவ்வொரு நாளும் அளந்தாக வேண்டுமே. எதை வைத்து அளப்பது?

பையில் போடும் கருவி

சீவர்ட்டின் பதில் ஒரு சின்ன மின்தேக்கி. கண்டென்சர் என்றால் எலக்ட்ரிக்கல் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு சிறிய அறை, அதற்குள் காற்று, நடுவே ஒரு மின்முனை. முதலில் அதற்கு மின்னூட்டம் ஏற்றிவிட வேண்டும். பிறகு வயர் எதுவும் இல்லாமல் தனியாக எடுத்துப் போகலாம். கதிர்வீச்சு அந்த அறைக்குள் புகுந்தால் காற்று அயனியாகும், மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். திரும்பக் கொண்டு வந்து மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால், கசிந்தது எவ்வளவு என்று தெரியும். அதுதான் பட்ட கதிர்வீச்சின் அளவு.

எளிமையான விஷயம்தான். ஆனால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை யோசித்துப் பாருங்கள். அதுவரை அளவுக் கருவி என்பது மேஜை மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய சாமான். அது அந்த அறையில் எவ்வளவு கதிர் இருக்கிறது என்று சொல்லும். அறையில் ஆள் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கண்டென்சர் அறை சின்னதாக இருந்ததால் நோயாளியின் உடலில் கட்டிக்குப் பக்கத்திலேயே வைக்க முடிந்தது. ஆளோடு ஆளாகப் போகவும் முடிந்தது. அளக்கப்படுவது இப்போது அறை அல்ல, அந்த மனிதர். ரேடியோகிராஃபர்கள் பையில் பேனா மாதிரி வைத்திருக்கும் பாக்கெட் டோசிமீட்டரின் பழைய வடிவமும் இதே கொள்கையில் வேலை செய்வதுதான். இந்த அளவீட்டு முறையை வைத்துத்தான் சீவர்ட் 1932இல் உப்சாலாவில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

ஸ்வீடன் முழுக்க உள்ள மருத்துவமனைகளின் எக்ஸ்ரே கருவிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் வேலையையும் அவரது ஆய்வகம் எடுத்துக்கொண்டது. 1941இல் அந்த நாடு கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குச் சட்டமே கொண்டுவந்தது. கண்காணிக்கும் பொறுப்பு கரோலின்ஸ்கா நிறுவனத்தில் அவர் தலைமையில் இருந்த துறைக்கு வந்தது. அதே ஆண்டு அவர் பேராசிரியரும் ஆனார்.

1928, ஸ்டாக்ஹோம்

இடையில் ஒரு முக்கியமான சம்பவம். கதிரியக்க மருத்துவர்களின் இரண்டாவது உலக மாநாடு 1928இல் ஸ்டாக்ஹோமில் நடந்தது. எக்ஸ்ரே அளவுக்கு ரான்ட்ஜன் என்ற அலகை உலகம் ஏற்றுக்கொண்டது அங்கேதான். தோல் சிவப்பு அளவுகோல் அதன் பிறகு மெல்ல ஓய்வு பெற்றது. எக்ஸ்ரே, ரேடியம் பாதுகாப்புக்கு ஒரு சர்வதேசக் குழுவும் அங்கே அமைந்தது. 32 வயது சீவர்ட் அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். இன்று ஐசிஆர்பி என்ற பெயரில், உலக நாடுகள் எல்லாம் பார்த்துத் தங்கள் விதியை எழுதும் ஆணையம் அதுதான்.

அந்தக் குழு 1934இல் சொன்ன வரம்பு, ஒரு நாளைக்கு 0.2 ரான்ட்ஜன். இன்றைய அலகில் தோராயமாக 2 மில்லிசீவர்ட். இன்று ஒரு தொழிலாளிக்கு ஒரு வருடத்துக்கு அனுமதிக்கப்படும் சராசரி 20 மில்லிசீவர்ட். அன்றைக்குப் பத்தே நாளில் வாங்கலாம் என்று விட்டதை இன்று ஒரு வருடம் முழுக்க வைத்து வாங்கச் சொல்கிறார்கள். அறிவியல் கற்றுக்கொண்ட வேகம் இது. அதுவரை அந்த அளவை வாங்கியவர்கள் வாங்கியவர்கள்தான்.

உலகப் போர் வந்ததும் எல்லாம் தலைகீழானது. அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் கண்டென்சர் கொடுத்து தினம் அளப்பது பெரிய பாடு. அங்கே ஃபிலிம் பேட்ஜ் பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்தது. சின்ன எக்ஸ்ரே ஃபிலிம் துண்டு, முன்னால் உலோக வடிகட்டிகள். கழுவிப் பார்த்தால் எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு டோஸ். மலிவு, எளிது. ஃபிலிமை அலமாரியில் போட்டு வைத்தால் பத்து வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம்.

வயதை வைத்து ஒரு கணக்கு

1954இல் பசிபிக்கில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பான் மீனவர்கள் மேல் விழுந்தது. உலகமே பயந்தது. 1955இல் ஐநா, கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய ஓர் அறிவியல் குழுவை அமைத்தது. 15 நாடுகள் உறுப்பினர்கள். ஸ்வீடனும் உண்டு, இந்தியாவும் உண்டு. 1956இல் ஐசிஆர்பிக்குத் தலைவரான சீவர்ட், 1958 முதல் 1960 வரை இந்த ஐநா குழுவுக்கும் தலைவராக இருந்தார். ஐநா குழுவின் 1958 அறிக்கையில் நம் பக்கத்து ஊர்களும் வருகின்றன. மோனசைட் மணலால் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகமுள்ள இடமாகக் கேரள, சென்னை மாகாணக் கடற்கரை அதில் குறிப்பிடப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி இருக்கும் அதே கரைதான்.

சீவர்ட் தலைவராக இருந்த அந்த ஆண்டுகளில்தான் சேர்த்துக் கணக்கிடும் முறை முழு வடிவம் பெற்றது. ஐசிஆர்பி 1958இல் ஒரு சூத்திரம் கொடுத்தது. வயதிலிருந்து 18ஐக் கழி, 5ஆல் பெருக்கு. வருவது ரெம் என்ற பழைய அலகில் அந்தத் தொழிலாளி அதுவரை வாங்கியிருக்கலாம் என்ற மொத்த அளவு. 100 ரெம் என்பது 1 சீவர்ட். 30 வயது ஆளுக்கு 12 பெருக்கல் 5, அதாவது 60 ரெம். இன்றைய கணக்கில் 600 மில்லிசீவர்ட்.

இன்றைய கண்ணுக்கு அது ரொம்ப அதிகம். ஆனால் சூத்திரத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் கட்டாயத்தைப் பாருங்கள். 18 வயதில் வேலைக்கு வந்தது முதல் இன்று வரை அந்த ஆள் வாங்கிய ஒவ்வொரு டோஸும் தெரிந்தால்தான் இந்தக் கணக்கையே போட முடியும். அப்படியென்றால் பதிவேடு வேண்டும். கம்பெனி மாறினாலும் பதிவேடு கூடவே வர வேண்டும். பழைய முதலாளியிடம் 200, புது முதலாளியிடம் பூஜ்யம் என்று இரண்டு கணக்கு இருக்கக் கூடாது, ஏனென்றால் உடம்பு ஒன்றுதான்.

பிறகு வரம்பு குறைந்துகொண்டே வந்தது. 1990 பரிந்துரைப்படி, தொடர்ச்சியான ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 50க்கு மேல் கூடாது. இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இன்னும் இறுக்கி, எந்த ஓர் ஆண்டிலும் 30 என்று வைத்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: எந்த வேலையும் செய்யாமல் வீட்டில் இருந்தாலே மண், காற்று, சாப்பாடு, விண்வெளி என எல்லாம் சேர்ந்து உலக சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்துவிடும். நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியம்கூடக் கொஞ்சம் கதிர் விடும். சீவர்ட் 1950களின் தொடக்கத்தில் மனித உடலிலிருந்தே வெளிவரும் அந்த மெல்லிய காமா கதிரை அளந்து காட்டினார். யாருடைய உடம்பும் பூஜ்யம் கிடையாது என்பது அவருக்கு அளந்து தெரிந்த விஷயம்.

இந்தியாவுக்கு வந்த பேட்ஜ்

இங்கே ஹோமி பாபாவின் அணுசக்தித் திட்டம் வளர்ந்தபோது, 1950களிலேயே ஃபிலிம் பேட்ஜும் வந்தது. ஃபிலிமுக்கு நம் ஊர் வெயிலும் புழுக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. கதிர் படாமலே மங்கிப்போகும். பதிலாக 1975 முதல் டிஎல்டி என்ற வெப்ப ஒளிர்வு பேட்ஜுக்கு மாறினார்கள். கதிர் பட்டால் அந்த ஆற்றலைச் சில படிகங்கள் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். சூடாக்கினால் அதை ஒளியாக விட்டுவிடும். ஒளி எவ்வளவோ, டோஸ் அவ்வளவு. இதை அளவுக்கருவியாக்கலாம் என்று 1950களில் காட்டியவர் அமெரிக்காவின் ஃபேரிங்டன் டேனியல்ஸ்.

இந்திய பேட்ஜில் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வட்டுகள் மூன்று, ஓர் அலுமினியத் தகட்டில் வரிசையாக இருக்கும். ஒன்றின் முன்னால் உலோக வடிகட்டி, இன்னொன்றின் முன்னால் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. மூன்றும் காட்டும் அளவை ஒப்பிட்டால் வந்தது எந்த வகைக் கதிர் என்று கண்டுபிடிக்கலாம். படித்து முடித்தால் படிகம் காலி, மறுபடி பயன்படுத்தலாம். மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையம் தேசிய அளவில் தொழிலாளர் டோஸ் பதிவேட்டை வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் பேட்ஜைப் படித்துத் தருகின்றன.

இதில் மூன்று விஷயங்களைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பேட்ஜ் கதிர்வீச்சைத் தடுக்காது. ஆபத்து வந்தால் சத்தம் போடாது, அதற்கு வேறு கருவிகள் உண்டு. ஈயக் கவசம் போட்டிருந்தால் பேட்ஜ் கவசத்துக்கு உள்ளே, நெஞ்சில் இருக்க வேண்டும். கவசத்தின் மேல் குத்திக்கொண்டால் கவசம் வாங்கியதெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். அதேபோல எக்ஸ்ரே அறையில் கழற்றி மறந்துவிட்டுப் போனால், ஆளுக்குப் படாத டோஸ் பேட்ஜில் பதிவாகும். ஒரு பேட்ஜ் 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் விசாரணை நடக்கும். அந்த விசாரணையின் முதல் கேள்வியே இது உண்மையில் ஆள் மேல் பட்டதா, பேட்ஜ் மேல் மட்டும் பட்டதா என்பதுதான்.

எண் பொய் சொன்னால்?

தலைகீழாகவும் நடக்கும். ஆளுக்குப் பட்டும் பேட்ஜில் பதிவாகாமல் போவது. இதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. வரம்பை எட்டிவிட்டால் அந்த வேலையிலிருந்து விலக்கி வைப்பார்கள். நிரந்தர ஊழியருக்கு வேறு பிரிவில் வேலை கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு? சம்பளம் நிற்கும். பேட்ஜை டிராயரில் வைத்துவிட்டு வேலைக்குப் போகத் தூண்டுவது பெரும்பாலும் அலட்சியம் அல்ல, இந்தப் பயம்தான். ஃபுகுஷிமாவில் 2011 விபத்துக்குப் பிறகு நடந்த சீரமைப்பு வேலையில், துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று தொழிலாளர்களிடம் டோசிமீட்டரை ஈயத் தகட்டால் மூடச் சொன்னது 2012இல் வெளியே வந்தது. கதிரைத் தடுக்க வேண்டிய ஈயத்தை, அளவுக்கருவியின் கண்ணை மறைக்கப் பயன்படுத்தினார்கள்.

நம் பக்கத்தில் கல்பாக்கம். 2003 ஜனவரியில் அங்குள்ள அணு எரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலையில், வால்வு கோளாறால் அதிகக் கதிரியக்கமுள்ள திரவம் குறைந்த கதிரியக்கத் தொட்டிப் பக்கம் வந்துவிட்டது. தெரியாமல் அங்கே வேலை செய்த ஆறு பேர் ஆண்டு வரம்பைப் பல மடங்கு தாண்டிய டோஸை வாங்கினார்கள். அந்த இடத்தில் எச்சரிக்கும் மானிட்டர் இல்லை. எடுத்துவந்த மாதிரியை ஆய்வகத்தில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பேட்ஜ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், நடந்து முடிந்ததைத்தான் சொல்லும்.

டெல்லி மாயாபுரியில் 2010இல் நடந்தது இன்னும் மோசம். டெல்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கோபால்ட்-60 கருவி, இரும்புக் கடைக்குப் போனது. உடைத்தார்கள். பலருக்குக் கதிர்வீச்சு நோய், ஒருவர் இறந்தார். அவர்கள் யாரிடமும் பேட்ஜ் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் கதிர்வீச்சுத் தொழிலாளர்களே அல்லவே. எவ்வளவு டோஸ் வாங்கினார்கள் என்பதை ரத்தத்தில் உடைந்த குரோமோசோம்களை எண்ணித்தான் கணக்கிட வேண்டியிருந்தது. தோல் சிவந்தால்தான் தெரியும் என்ற சீவர்ட்டுக்கு முந்தைய காலத்துக்கே ஒரு நிமிடம் திரும்பிப் போன மாதிரி.

பெயர் அலகானது

சீவர்ட் 1962இல் ஐசிஆர்பி தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1966 அக்டோபர் 3இல், 70 வயதில் ஸ்டாக்ஹோமில் இறந்தார். அதே ஆண்டு ஜனவரியில்தான் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்திருந்தார். சீவர்ட்டிடம் வேலை பழகிய போ லிண்டல் பின்னாளில் ஐசிஆர்பிக்குத் தலைவர் ஆனார்.

1979இல் எடைகள் அளவைகள் பற்றிய உலக மாநாடு, டோஸ் அலகுக்கு சீவர்ட் என்று பெயர் வைத்தது. அதற்கு நான்கு வருடம் முன்பே கிரே என்ற அலகு வந்திருந்தது, அதுவும் ஒரு பிரிட்டிஷ் இயற்பியலாளரின் பெயர். இரண்டும் ஒன்றுதானே என்று குழம்ப வேண்டாம். ஒரு கிலோ உடலுக்குள் எவ்வளவு கதிர் ஆற்றல் இறங்கியது என்பது கிரே. அது அந்த உடலுக்கு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பது சீவர்ட். எக்ஸ்ரேவுக்கு இரண்டும் ஒரே எண் வரும். ஆல்ஃபா கதிராக இருந்தால் கிரேயை 20ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு முழு சீவர்ட் என்பது பெரிய அளவு. அவ்வளவும் ஒரே நேரத்தில் உடல் முழுக்கப் பட்டால் வாந்தி, ரத்த அணுக்கள் குறைவது என்று நோயே வந்துவிடும். அதனால் அவர் பெயர் எப்போதும் ஆயிரத்தில் ஒரு பங்காக, மில்லி என்ற முன்னொட்டோடுதான் ரிப்போர்ட்டில் வரும். அந்த முன்னொட்டு இல்லாமல் யாருக்காவது ரிப்போர்ட் வந்தால், அது செர்னோபில், மாயாபுரி மாதிரி ஏதோ ஒரு பெயரோடு சேர்ந்துதான் வரும்.